மேஜையை விட்டு எழுந்த மின்னஞ்சல்

ஒரு காலத்தில் நிறுவனங்களின் கணினிப் பிரிவுக்கு இந்தக் கேள்வி அடிக்கடி வரும். "எங்க டைரக்டர் மாசத்துல பாதி நாள் வெளியூர்ல. போற இடத்துல மெயில் பார்க்கணுமாம். என்ன வாங்கித் தரலாம்?" கேட்கிறவர் பெரும்பாலும் அந்த டைரக்டராக இருக்கமாட்டார். அவருடைய செயலாளர் கேட்பார், அல்லது கணினிப் பிரிவின் பொறுப்பாளரே தனக்குத்தானே கேட்டுக்கொள்வார். இன்றைக்கு யோசித்தால் வேடிக்கையாக இருக்கிறது. காய்கறிக் கடையில் நிற்கிறவர் கையிலிருக்கும் ஃபோனில்கூட மெயில் வருகிறது. ஆனால் 1999 முதல் 2008 வரை, ஏறக்குறைய பத்து வருடம், இது நிஜமாகவே தலையைப் பிய்த்துக்கொள்ள வைத்த கேள்வி.

பார்க்க இது கருவி பற்றிய கேள்வி மாதிரி தோன்றும். எது எடை குறைவு, எதில் பேட்டரி நிற்கும், எதில் எழுத்து அடிக்க வசதி. அதையெல்லாம் பார்த்துத்தான் வாங்கினார்கள். ஆனால் அந்தப் பத்து வருடத்தில் ஜெயித்தது எது, தோற்றது எது என்று வரிசையாகப் பார்த்தால், கருவியைவிடக் கருவிக்குப் பின்னால் இருந்த ஏற்பாடுதான் ஒவ்வொரு முறையும் முடிவைத் தீர்மானித்திருக்கிறது. மெயிலைத் தேடி மனிதர் போவதா, மனிதரைத் தேடி மெயில் வருவதா? வருகிற வழியில் அது யார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வருகிறது? வந்த பிறகு அந்த மனிதரின் நேரம் யாருடையது? மூன்றாவது கேள்வியை யாரும் வாங்கும்போது கேட்கவில்லை.

*

1990-களின் பாதியில் ஊர் சுற்றும் அதிகாரியின் பையைத் திறந்தால் ஒரு மடிக்கணினி, ஒரு மோடம், சுருட்டி வைத்த டெலிபோன் வயர், அப்புறம் ஒரு பிடி ப்ளக்குகள் இருக்கும். டெலிபோன் சாக்கெட் பிரிட்டனில் ஒரு வடிவம், ஜெர்மனியில் ஒரு வடிவம், பிரான்ஸில் வேறொன்று. விவரம் தெரிந்தவர்கள் ஸ்குரூ டிரைவரும் முதலை வாய் கிளிப்பும் எடுத்துப்போவார்கள். சாக்கெட்டையே கழற்றி வயரில் கிளிப்பை மாட்டிவிடலாம் அல்லவா? சில ஹோட்டல்களின் டிஜிட்டல் இணைப்பில் தெரியாமல் செருகினால் மோடமே கருகிவிடும். இத்தனையும் தாண்டி, மோடம் கீச்சிட்டு, இணைப்பு கிடைத்து, கடவுச்சொல் கொடுத்து உள்ளே போனால், சில நாள் புது மெயில் ஒன்றுமே இருக்காது. அதுதான் இதில் பெரிய கொடுமை. வந்திருக்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ளவே அவ்வளவு பாடு.

1996-ல் நோக்கியா 9000 கம்யூனிகேட்டர் வந்தது. மூக்குக்கண்ணாடிக் கூடு மாதிரி திறக்கும். உள்ளே முழு விசைப்பலகை, அகலமான திரை. எடை 397 கிராம். ஃபோனையும் கணினியையும் ஒன்றாகக் கட்டிய முதல் வெற்றிகரமான முயற்சிகளில் ஒன்று. வயர்த் தொல்லை ஒழிந்தது. ஆனாலும் மெயில் வேண்டுமென்றால் அது டயல் செய்ய வேண்டும். நொடிக்கு 9,600 பிட் வேகத்தில் இழுத்து வர வேண்டும். இணைப்பில் இருக்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் காசு. கிணறு பக்கத்தில் வந்துவிட்டது, தண்ணீரை இன்னும் நாம்தான் இறைக்க வேண்டியிருந்தது.

தண்ணீர் தானாக வரும் வழி வேறொரு திசையிலிருந்து வந்தது: பேஜர்.

*

ஸ்வீடனின் தொலைத்தொடர்புத் துறையும் எரிக்ஸன் நிறுவனமும் 1980-களில் மோபிடெக்ஸ் என்றொரு வானொலி வலையமைப்பை உருவாக்கின. அதில் பேச முடியாது, சின்னச் சின்ன தரவுப் பொட்டலங்களை மட்டும் அனுப்பலாம். ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி, டாக்ஸி போன்றவற்றுக்காக வந்தது. வேகம் நொடிக்கு 8,000 பிட். இன்றைய கணக்கில் ஆமை. ஆனால் அதற்கு இரண்டு நல்ல குணம் இருந்தது. கருவி எப்போதும் வலையமைப்போடு தொட்டுக்கொண்டே இருக்கும், டயல் செய்கிற வேலை இல்லை. கருவி சுரங்கப்பாதையில் இருந்தாலோ அணைந்திருந்தாலோ, செய்தி வலையமைப்பிலேயே காத்திருந்து, அது விழித்ததும் போய்ச் சேரும்.

கனடாவில் ரோஜர்ஸ் குழுமம் இந்த வலையமைப்பை நிறுவிவிட்டு, இதை வைத்து என்ன பண்ணலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தது. அந்த வேலை வாட்டர்லூ நகரில் இருந்த ஒரு சின்ன நிறுவனத்திடம் வந்தது. பெயர் ரிசர்ச் இன் மோஷன், சுருக்கமாக ரிம். 1984-ல் அதைத் தொடங்கிய இருவரில் ஒருவர் மைக் லஸாரிடிஸ். இஸ்தான்புல்லில் கிரேக்கப் பெற்றோருக்குப் பிறந்து, சிறுவனாகக் கனடாவுக்கு வந்து, பொறியியல் படிப்பைப் பாதியில் விட்டவர். இன்னொருவர் அவருடைய சிறுவயது நண்பர் டக்ளஸ் ஃப்ரெகின். 1992-ல் ஹார்வர்டில் நிர்வாகம் படித்த ஜிம் பால்ஸிலி வந்து சேர்ந்தார். லஸாரிடிஸ் கருவியைப் பார்த்துக்கொள்ள, பால்ஸிலி காசையும் வியாபாரத்தையும் பார்த்துக்கொண்டார்.

கையளவு கருவியில் விசைப்பலகை வைத்தால் பத்து விரலுக்கு இடமில்லை என்று எல்லோரும் கவலைப்பட்டார்கள். லஸாரிடிஸ் கணக்கை மாற்றிப் போட்டார். பத்து விரல் எதற்கு? கருவியை இரண்டு கையாலும் பிடித்தால் கட்டைவிரல் இரண்டும் சும்மாதான் இருக்கின்றன. அவற்றுக்கேற்றபடி பொத்தான்களை அடுக்கினால் போதும். இதற்குக் காப்புரிமையும் வாங்கி, பிற்பாடு 2002-ல் ஹேண்ட்ஸ்பிரிங் நிறுவனத்தின் மேல் வழக்கே போட்டார்கள். திரையில் மேலும் கீழும் போக வலது ஓரத்தில் ஒரு சக்கரம். உள்ளே இன்டெல் 386 சில்லு. ஒற்றை ஏ.ஏ. பேட்டரியில் வாரக்கணக்கில் ஓடும். 1999 ஜனவரியில் இதற்கு பிளாக்பெர்ரி என்று பெயர் வைத்து விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள்.

அதே 1999-ல் பாம் நிறுவனம் 'பாம் 7' என்ற கருவியை வெளியிட்டது. பாம் அப்போது பெரிய பெயர். சட்டைப் பையில் நாள்குறிப்பு என்றாலே பாம்தான். புதுக் கருவியும் மோபிடெக்ஸ் வலையமைப்பில்தான் ஓடியது. அதாவது இரண்டு வண்டிக்கும் ஒரே ரோடு. திரை பிளாக்பெர்ரியைவிடப் பெரியது. இணையத்திலிருந்து பங்கு விலை, வானிலை, விமான நேரம் எல்லாம் எடுத்துக் காட்டும். கடையில் இரண்டையும் பக்கத்தில் வைத்தால் கை பாமைத்தான் எடுக்கும்.

ஆனால் பாமில் ஆன்டெனாவைத் தூக்கி நிறுத்தினால்தான் அது வலையமைப்போடு பேசும். மெயில் வந்ததா என்று நாம் கேட்க வேண்டும். மெயிலுக்கென்று அது தனி முகவரி கொடுத்தது, அலுவலக முகவரி அல்ல. கட்டணமும் அளந்து வாங்கினார்கள்: மாதம் ஏறக்குறைய 10 டாலருக்கு 50 கிலோபைட். பெரிய மெயில் நாலு வந்தால் தீர்ந்தது. பிளாக்பெர்ரியில் எதையும் தூக்க வேண்டாம், கேட்க வேண்டாம். அலுவலக முகவரிக்கு வரும் மெயிலின் முதல் இரண்டு கிலோபைட் தானாக இடுப்புக்கு வந்து துடிக்கும். மீதி வேண்டுமென்றால் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். இங்கிருந்து பதில் போட்டால், எதிராளிக்கு அது அலுவலக மேஜையிலிருந்து வந்த மாதிரியே தெரியும். ஒரே ரோட்டில் ஓடிய இரண்டில் எது நிலைத்தது என்பதற்குக் காரணம் இந்த ஏற்பாடுதான். திரை அளவு இல்லை.

*

ரிம் இதை விற்ற விதம் சாமர்த்தியமானது. கணினிப் பிரிவைப் போய்ப் பார்த்தால் பாதுகாப்பு, செலவு, விதிமுறை என்று நூறு கேள்வி வரும். ஆகவே பிரசங்கிகள் மாதிரி ஆட்களை நேராகத் தலைமை அதிகாரிகளிடமும் வால் ஸ்ட்ரீட் வங்கியாளர்களிடமும் அனுப்பினார்கள். "சும்மா வச்சிருங்க, ஒரு மாசம் கழிச்சுப் பிடிக்கலைன்னா திருப்பிக் குடுத்துடுங்க." நாய்க்குட்டியை ஒரு ராத்திரி வீட்டில் விட்டுப்போகிற வியாபாரம். யார் திருப்பிக் கொடுப்பார்கள்? அந்த அதிகாரியே கணினிப் பிரிவைக் கூப்பிட்டு, இது வேலை செய்ய என்ன பண்ணணுமோ பண்ணு என்று சொல்லிவிடுவார்.

அப்படி மேலிருந்து தள்ளப்பட்ட கணினிப் பிரிவையும் ரிம் கைவிடவில்லை. நிறுவனத்துக்குள்ளேயே, ஃபயர்வாலுக்குப் பின்னால் நிறுவும் ஒரு சர்வர் மென்பொருளைக் கொடுத்தது. முதலில் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்சுக்கு, பிறகு லோட்டஸ் டோமினோவுக்கும். மெயில் நிறுவனத்தின் சர்வரிலேயே பூட்டப்பட்டுக் கிளம்பும். சாவி அந்த சர்வரிலும் கருவியிலும் மட்டும். வழியில் ரிம்மின் தரவு மையத்தைத் தாண்டித்தான் போகும், ஆனால் அங்கிருப்பவர்களால் திறக்க முடியாது. கருவி தொலைந்தால் தூரத்திலிருந்தே அதிலுள்ளதை அழித்துவிடலாம். அதிகாரிக்குப் பழக்கம், கணினிப் பிரிவுக்குக் கட்டுப்பாடு. இரண்டு பேரையும் ஒரே கருவியால் திருப்திப்படுத்தியது பெரிய காரியம்.

2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க்கிலும் வாஷிங்டனிலும் செல்ஃபோன் வலையமைப்புகள் நெரிசலில் திணறியபோது, பேஜர் வழியில் ஓடிய பிளாக்பெர்ரிகளில் செய்திகள் போய் வந்துகொண்டிருந்தன. அதற்குப் பிறகு அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை தன் உறுப்பினர்கள் அனைவருக்கும் பிளாக்பெர்ரி கொடுத்தது. அதுவரை வங்கியாளர்களின் சொகுசாக இருந்தது, அரசாங்கத்தின் அத்தியாவசியமாகிவிட்டது.

*

ஃபோனும் மெயிலும் ஒரே கருவியில் சேர்ந்ததும் தேர்வு இன்னும் சிக்கலானது. 2002-ல் வந்த பிளாக்பெர்ரி 5810-ல் பேசலாம், ஆனால் காதில் வயர் மாட்டிக்கொண்டுதான் பேச முடியும். அடுத்த வருடம் வந்தவற்றில் அந்தக் குறை போனது. பாம் பக்கம் ட்ரியோ 600 வந்தது, அதன்பின் 650. அவற்றில் குட் டெக்னாலஜி என்ற நிறுவனத்தின் மென்பொருளைப் போட்டால் பிளாக்பெர்ரி மாதிரியே மெயில் தானாக வரும். 2006-ல் மோட்டோரோலா கியூ, நோக்கியா இ61. மைக்ரோசாஃப்ட்டும் எக்ஸ்சேஞ்ச் சர்வரிலேயே மெயிலைத் தள்ளும் வசதியைச் சேர்த்துவிட்டது. நடுவில் வேறு ஆள் வேண்டாம் என்றது.

ஊர் சுற்றுகிறவருக்கு இதிலெல்லாம் முதல் கேள்வி, போகிற ஊரில் இது உயிரோடு இருக்குமா என்பது. அமெரிக்காவில் வெரைசன், ஸ்பிரின்ட் இரண்டும் சி.டி.எம்.ஏ. ஐரோப்பா முழுக்க ஜி.எஸ்.எம். நியூயார்க்கில் பிரமாதமாக ஓடிய ஃபோன் ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்கியதும் வெறும் கால்குலேட்டர். ஜி.எஸ்.எம். என்றாலும் அலைவரிசை அமெரிக்காவில் வேறு, ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் வேறு. நாலு அலைவரிசையும் பிடிக்கும் கருவியாக இருக்க வேண்டும். அதையும் வாங்கிக்கொண்டு டோக்கியோவில் இறங்கினால், ஜப்பானில் ஜி.எஸ்.எம்.மே கிடையாது. பயண அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டுதான் கருவி வாங்க வேண்டியிருந்தது. சி.டி.எம்.ஏ., ஜி.எஸ்.எம். இரண்டையும் ஒன்றாக வைத்த பிளாக்பெர்ரி 8830 வந்தது 2007-ல்.

இதற்கு நடுவே ஒரு வழக்கு. தாமஸ் கம்பானா என்ற பொறியாளர் 1990-களிலேயே கம்பியில்லா மின்னஞ்சலுக்குக் காப்புரிமைகள் வாங்கியிருந்தார். அவற்றை வைத்திருந்த என்.டி.பி. நிறுவனம் எதையும் தயாரிக்கவில்லை, விற்கவில்லை. 2001-ல் ரிம் மேல் வழக்குப் போட்டது. 2002-ல் நடுவர் குழு ரிம்முக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. மேல்முறையீடு, மறுபரிசீலனை என்று இழுத்து, 2006 தொடக்கத்தில் அமெரிக்காவில் பிளாக்பெர்ரி சேவையையே நிறுத்தச் சொல்லி உத்தரவு வரலாம் என்ற நிலை. எங்கள் ஊழியர்களின் சேவையை மட்டும் தொடாதீர்கள் என்று அமெரிக்க அரசே நீதிமன்றத்துக்குப் போய் நின்றது. அந்தச் சில மாதங்களில் கருவி தேர்ந்தெடுத்தவர்கள் திரையையும் பேட்டரியையும் பார்க்கவில்லை; அடுத்த மாதம் இது இருக்குமா என்றுதான் பார்த்தார்கள். 2006 மார்ச் 3-ஆம் தேதி ரிம் 61.25 கோடி டாலர் கொடுத்து விஷயத்தை முடித்தது. கம்பானா அதைப் பார்க்க உயிரோடு இல்லை, 2004-லேயே இறந்துவிட்டார்.

*

மெயில் யார் திண்ணையில் உட்கார்ந்து வருகிறது என்ற கேள்வியை நிறுவனங்களைவிட அரசாங்கங்கள் தீவிரமாகக் கேட்டன. 2007-ல் பிரெஞ்சு அரசு தன் அமைச்சர்களும் உயரதிகாரிகளும் பிளாக்பெர்ரி பயன்படுத்தக் கூடாது என்று சொன்னது. செய்திகள் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இருக்கும் சர்வர்கள் வழியாகப் போகின்றன என்பது அவர்களுடைய பயம். மற்றவர்களுடைய பயம் தலைகீழானது: யாராலும் படிக்க முடியவில்லையே என்பது.

ஐக்கிய அரபு அமீரகத்தில் 2009-ல் ஒரு சம்பவம். எடிசலாட் நிறுவனம் தன் பிளாக்பெர்ரி வாடிக்கையாளர்களுக்கு, செயல்திறனைக் கூட்டும் மென்பொருள் என்று சொல்லி ஒன்றை அனுப்பியது. போட்டவர்களின் பேட்டரி மளமளவென்று தீர்ந்தது. என்னடா இது என்று தோண்டிப் பார்த்ததில், அது உளவு மென்பொருள். ரிம்மே, இது நாங்கள் அனுப்பியது இல்லை என்று அறிக்கை விட வேண்டி வந்தது. பேட்டரி தீராமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

மும்பைத் தாக்குதலுக்குப் பின் இந்தியாவும் விடாப்பிடியாகக் கேட்டது. 2010 ஆகஸ்ட் 31-க்குள் செய்திகளைப் பார்க்க வழி செய்யுங்கள், இல்லையென்றால் சேவையை நிறுத்துவோம் என்றது. அப்போது இந்தியாவில் சுமார் 10 லட்சம் பேர் பிளாக்பெர்ரி வைத்திருந்தார்கள். நிறுவன மெயிலுக்கு எங்களிடமே சாவி இல்லை, நாங்கள் எதைக் கொடுப்பது என்றது ரிம். கெடு தள்ளிப்போனது. பொதுமக்கள் பயன்படுத்திய குறுஞ்செய்திச் சேவைக்கு வழி செய்து கொடுத்தார்கள். நிறுவன மெயிலுக்கு அதே பதில்தான். இன்று வாட்ஸ்அப்புக்கும் அரசாங்கங்களுக்கும் நடக்கிற வாக்குவாதத்தின் முதல் சுற்று அது.

*

2007-ல் ஐஃபோன் வந்தபோது கணினிப் பிரிவுகள் சிரித்தன. பொத்தான் இல்லை, நிறுவன மெயிலுக்கு ஏற்பாடு இல்லை, தொலைந்தால் அழிக்க வழியில்லை. அவர்களுடைய பட்டியல்படி பார்த்தால் தேறவே தேறாது. 2008 ஜூலையில் ஆப்பிள் எக்ஸ்சேஞ்ச் வசதியையும் தூரத்திலிருந்து அழிக்கும் வசதியையும் சேர்த்ததும் பட்டியலின் பெரிய கட்டங்கள் நிரம்பிவிட்டன. பிறகு நடந்தது, ரிம் 1999-ல் செய்த அதே வித்தை. அதிகாரி தன் காசில் ஐஃபோன் வாங்கிக்கொண்டு வந்து, இதில் மெயில் வரணும் என்றார். இந்தத் தடவை அதிகாரி மட்டும் இல்லை, எல்லா ஊழியர்களும் வந்தார்கள். என்ன வாங்கித் தரலாம் என்ற கேள்வி, நான் வாங்கிட்டேன், சேர்த்துவிடு என்ற கட்டளையாகிவிட்டது.

ரிம்மின் நடுவழித் தரவு மையமே அதற்குப் பாரமாகவும் ஆனது. 2011 அக்டோபர் 10 அன்று ஒரு முக்கியச் சுவிட்ச் பழுதாகி, மாற்று ஏற்பாடும் கைகொடுக்காமல், ஐரோப்பா, மத்திய கிழக்கு, ஆப்பிரிக்கா, இந்தியா என்று தொடங்கி அமெரிக்கா வரை மூன்று நாளைக்கு மேல் மெயில் முடங்கியது. லஸாரிடிஸ் காணொளியில் மன்னிப்புக் கேட்டார். அடுத்த ஜனவரியில் அவரும் பால்ஸிலியும் பதவி விலகினார்கள். உச்சத்தில் ஏறக்குறைய 8 கோடி பேர் வைத்திருந்த கருவி. பழைய பிளாக்பெர்ரிகளுக்கான சேவை 2022 ஜனவரி 4 அன்று நிறுத்தப்பட்டது.

கருவி போய்விட்டது, ஏற்பாடு போகவில்லை. கேட்காமலே வந்து விழும் மெயில், தூங்கும்போதும் மினுக்கும் விளக்கு, உடனே பதில் வரும் என்ற எதிர்பார்ப்பு எல்லாம் அடுத்த கருவிக்குக் குடிமாறிவிட்டன. போதைப் பொருளின் பெயரோடு சேர்த்துக் கட்டிய 'கிராக்பெர்ரி' என்ற சொல்லை, 2006-ன் ஆண்டுச் சொல்லாக வெப்ஸ்டர்ஸ் நியூ வேர்ல்டு அகராதிக்காரர்கள் தேர்ந்தெடுத்தார்கள். மேஜையிலிருந்து விடுதலை என்று வாங்கிக் கொடுத்ததில், மேஜை கூடவே வந்துவிட்டது.

2011 கடைசியில் ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் தொழிலாளர் மன்றத்துடன் ஓர் ஒப்பந்தம் செய்தது. வேலை நேரம் முடிந்து அரை மணி கழித்து சர்வர் பிளாக்பெர்ரிக்கு மெயில் அனுப்புவதை நிறுத்திவிடும். மறுநாள் வேலை தொடங்க அரை மணி இருக்கும்போது மறுபடி திறக்கும். தள்ளுகிற கையையே நிறுத்தி வைத்தார்கள். 2017-ல் பிரான்ஸ், 50 பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்கள் வேலை நேரத்துக்குப் பின் தொடர்பிலிருந்து விலகும் உரிமை பற்றி ஊழியர்களோடு பேசியாக வேண்டும் என்று சட்டமே கொண்டுவந்தது.

ஃபோக்ஸ்வாகன் ஒப்பந்தம் ஊதிய ஒப்பந்தத்துக்குள் வரும் ஊழியர்களுக்கு மட்டும். உயர் நிர்வாகிகள் அதில் இல்லை. யாருக்காக இந்தக் கருவியைத் தேடித் தேடித் தேர்ந்தெடுத்தார்களோ, அவர்களுக்கு ராத்திரி முழுக்க மெயில் வந்துகொண்டேதான் இருந்தது. இத்தனைக்கும் பிளாக்பெர்ரியின் அமைப்புப் பட்டியலில், இந்த மணிக்கு அணைந்து இந்த மணிக்குத் தானே எழு என்று சொல்லும் வசதி இருந்தது. வார நாளுக்குத் தனியாக, வார இறுதிக்குத் தனியாக.